மே முதல் நாளில் பக்கத்து வீட்டுக்குப் பால் கொடுக்காதே: அயர்லாந்துப் பண்ணைவீடுகளின் அதிர்ஷ்ட நம்பிக்கைகள்

கிளேர் மல்லிகா எழுதியது:

அயர்லாந்து, அதிர்ஷ்டம் இரண்டையும் சேர்த்துச் சொன்னதும் நாலு இலை க்ளோவரும் பானை நிறையத் தங்கம் வைத்திருக்கும் குள்ளனும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதெல்லாம் சுற்றுலாக் கடைச் சரக்கு. இங்கே நாலு மாடு வைத்துப் பிழைத்த குடும்பங்கள் பயந்தது வேறொன்றுக்கு. மாடு கறக்கும், பாலும் ஆடை கட்டும், ஆனால் எவ்வளவு கடைந்தாலும் வெண்ணெய் திரளாது. யாரோ நம் வெண்ணெயைக் கொண்டுபோய்விட்டார்கள் என்ற பயம் அது.

நான் படிப்பது டூகஸ் இணையதளத்தில். 1937 முதல் 1939 வரை அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் ஓர் அருமையான காரியம் செய்தது. சுமார் 5,000 தொடக்கப்பள்ளிகளில் மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் வாரம் ஒரு தலைப்பு கொடுத்து, வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் இருக்கும் பெரியவர்களைக் கேட்டு எழுதி வரச் சொன்னார்கள். சுமார் 50,000 பிள்ளைகள் எழுதினார்கள். அந்தக் கையெழுத்துப் பக்கங்கள் அப்படியே வலையில் இருக்கின்றன. வெண்ணெய் கடைவது என்றே ஒரு தனித் தலைப்பு இருந்தது. அதைத் திறந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது.

அதில் திரும்பத் திரும்ப வரும் விஷயங்கள் இவை. மே முதல் தேதி, இங்கே பெல்டேன் என்கிற கோடைத் தொடக்க நாளில், வீட்டைவிட்டு எதுவும் வெளியே போகக்கூடாது. பால், வெண்ணெய், உப்பு, நெருப்பு எதையும் யாருக்கும் தரக்கூடாது. அடுப்புச் சாம்பலைக்கூட வெளியே கொட்டமாட்டார்கள். குழாயில் புகையிலை பற்றவைக்க வந்தவன், புகைத்து முடித்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டவேண்டும். நெருப்போடு வெளியேறினால் வீட்டு வெண்ணெயும் கூடவே போய்விடும். முந்தின நாள் மாலையில் பிள்ளைகள் மஞ்சள் பூக்களைப் பறித்து வந்து வாசற்படியிலும் ஜன்னல் திட்டிலும் தூவுவார்கள். ரோவன் மரக்குச்சியைக் கடையும் தொட்டியில் கட்டுவார்கள், மாட்டு வாலிலும் கட்டுவார்கள்.

கடைந்துகொண்டிருக்கும்போது யாராவது உள்ளே வந்தால், முதலில் "கடவுள் இந்த வேலையை ஆசீர்வதிக்கட்டும்" என்று சொல்லவேண்டும். அப்புறம் கடைகோலைப் பிடித்து நாலு குத்தாவது குத்திவிட்டுத்தான் போகவேண்டும். அவசரமாக வந்த அந்நியராக இருந்தாலும் விடமாட்டார்கள். குத்தாமல் போகிறவர் வெண்ணெயைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்றே அர்த்தம்.

எனக்குப் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். நோய், பிரசவம், பஞ்சம் என்று பயப்பட எவ்வளவோ இருந்த ஊரில், ஏன் வெண்ணெய்மீது இத்தனை காவல்? தெரிந்தவர்கள் வாருங்கள்.

---

எழிலன் எழுதியது:

நல்ல தொடக்கம் மல்லிகா அக்கா. ஆனால் எனக்கு இது நேரடியாகவே மூடநம்பிக்கைதான். அதை அழகாகச் சொல்லிச் சொல்லி நாம் ரசிக்க ஆரம்பித்துவிடுகிறோம். பக்கத்து வீட்டுக்காரி பால் கேட்டு வந்தால் அவளைச் சூனியக்காரி என்று பார்க்கிற ஊர் நல்ல ஊராக இருந்திருக்குமா? அந்தக் கோணத்தையும் யாராவது பேசவேண்டும்.

---

பாற்பண்ணை சேகர் எழுதியது:

பால் பதனம் படித்து, பல வருடம் கூட்டுறவுப் பண்ணையில் வேலை பார்த்தவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெண்ணெய் திரளாமல் போவது உண்மையான பிரச்சினை. பாலாடை அதிகக் குளிராக இருந்தால் கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டாது. அதிகச் சூடாக இருந்தால் எண்ணெய் மாதிரி கரைந்து ஓடும். சுமாராக 13 முதல் 17 டிகிரி வரை வாட்டமான சூடு. வெப்பமானி இல்லாத கல்வீட்டில் அதைக் கையால் தொட்டுப் பார்த்துத்தான் கணிக்கமுடியும். அப்புறம், கன்று ஈன்று பல மாதம் ஆன மாட்டின் பாலில் கொழுப்புத் துளிகள் சிறுத்துவிடும், கடைவது இரட்டிப்பு வேலை. பாத்திரத்தில் ஈஸ்ட் தொற்றிக்கொண்டால் பாலாடை நுரைத்துப் பொங்கும். தொட்டி நிறைய நுரை வரும், வெண்ணெய் மட்டும் வராது. அதை முதல்முறை பார்க்கிறவருக்கு உள்ளே ஏதோ புகுந்துவிட்டது என்றுதான் தோன்றும்.

இப்போது அவர்கள் சொன்ன பரிகாரத்தைப் பாருங்கள். ஏர்க்கொழுவையோ குதிரை லாடத்தையோ பழுக்கக் காய்ச்சி, தொட்டிக்கு அடியில் வைப்பார்கள் அல்லது உள்ளேயே போடுவார்கள். வெண்ணெய் திருடியவளுக்கு உடம்பு எரியும், ஓடி வந்து கதவைத் தட்டுவாள் என்பது நம்பிக்கை. திருடியவள் வந்தாளோ இல்லையோ, குளிர்ந்து கிடந்த பாலாடை சூடாகும், வெண்ணெய் திரளும். விருந்தாளி நாலு குத்துக் குத்தவேண்டும் என்பதும் அப்படித்தான். அந்த நெட்டுக்குத்தான தொட்டியில் கோலை மேலும் கீழும் குத்துவது தோளை முறிக்கும் வேலை. நடுவில் நிறுத்தினால் கெட்டது. ஒரு கை மாறினால் வீட்டுப் பெண்ணுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்.

---

தேன்மொழி எழுதியது:

சேகர் சார் சொன்ன சூட்டுக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் எல்லா நம்பிக்கைக்கும் அடியில் ஒரு அறிவியல் ஒளிந்திருக்கிறது என்று கிளம்பினால் முக்கியமானதைத் தவறவிட்டுவிடுவோம். ஏர்க்கொழுவுக்கு விளக்கம் கிடைக்கும். மே மாதக் காலையில் பனித்துளி திருடுவதற்கு என்ன விளக்கம்?

தெரியாதவர்களுக்காக: சூரியன் எழும் முன் ஒருத்தி பக்கத்துப் பண்ணையின் புல்வெளிக்குப் போவாள். மாட்டின் காலைக் கட்டும் கயிற்றையோ ஒரு துணியையோ பனிப்புல்மீது இழுத்துக்கொண்டே "எல்லாம் என்னிடம் வா, எல்லாம் என்னிடம் வா" என்று சொல்லுவாள். அந்தப் புல்லைத் தின்னும் மாடுகளின் வெண்ணெய் வருடம் முழுக்க அவள் தொட்டியில் திரளும்.

இதில் ஒரு கதை உண்டு, பல மாவட்டங்களில் சொல்வார்கள். அந்த வழியாகக் குதிரையில் போன ஒருவர், சில ஊர்க் கதைகளில் அவர் பாதிரியார், அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு விளையாட்டாக "பாதி எனக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த முறை அவர் வீட்டில் கடைந்தபோது தொட்டி கொள்ளாமல் வெண்ணெய் வழிந்தது. வேலைக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குத்தான் அந்த வார்த்தை ஞாபகம் வந்தது.

இந்தக் கதையைக் கவனியுங்கள். வெண்ணெய் புதிதாக உண்டாவதே இல்லை. ஊரில் மொத்தம் இவ்வளவுதான் இருக்கிறது, அது கைமாறுகிறது. ஒருவர் தொட்டி வழிந்தால் இன்னொருவர் தொட்டி காலி. மல்லிகா சொன்ன அத்தனை விதிகளும் இந்த எண்ணத்திலிருந்துதான் வருகின்றன. அதிர்ஷ்டம் என்பது வீட்டுக்குள் இருக்கும் ஒரு பொருள், கதவு திறந்தால் வெளியே போய்விடும்.

---

கார்க் கதிர் எழுதியது:

ஏன் வெண்ணெய் என்ற கேள்விக்கு கார்க் நகரத்திலேயே பதில் இருக்கிறது. ஷாண்டன் பகுதியில் பழைய வெண்ணெய்ச் சந்தை நடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அந்தச் சந்தை 1770-ல் வியாபாரிகள் சேர்ந்து உருவாக்கிய அமைப்பு. 19-ம் நூற்றாண்டில் உலகத்திலேயே பெரிய வெண்ணெய்ச் சந்தை இதுதான். கெர்ரி மலைகளிலிருந்துகூட மரப்பீப்பாய்களைக் குதிரைமீது ஏற்றிக் கொண்டுவருவார்கள். பரிசோதகர் ஒரு துளைக்கோலைப் பீப்பாய்க்குள் இறக்கி, அதில் ஒட்டி வரும் வெண்ணெயைப் பார்த்து, முகர்ந்து, சுவைத்துத் தரம் சொல்லுவார். ஒரு தரம் இறங்கினால் விலையும் இறங்கும். சந்தை மூடியது 1924-ல்.

அந்தப் பீப்பாய்ப் பணத்தில்தான் பல குத்தகைக் குடும்பங்கள் நிலத்துக்காரருக்கு வாடகை கட்டின. உருளைக்கிழங்கு வயிற்றுக்கு, வெண்ணெய் வாடகைக்கு. வாடகை நின்றால் வீட்டைவிட்டு வெளியேற்றம். வெண்ணெய் திரளாத வாரம் என்பது வெறும் சமையலறைக் கஷ்டம் இல்லை. அந்த அடுப்படியில் நிற்கிற பெண்ணின் கையில்தான் குடும்பத்தின் கூரையே இருந்தது.

மே மாதம் ஏன் என்பதும் இதோடு சேரும். கன்றுகள் வசந்தத்தில் பிறக்கும், மே மாதத்தில் புல் தழைக்கும், பால் பெருகும். வருடத்து வெண்ணெயில் பெரும்பங்கு அப்போது தொடங்கிக் கோடை முழுக்க வரும். கணக்குத் தொடங்குகிற நாளில் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

---

கிளேர் மல்லிகா எழுதியது:

கதிர், இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், மிக்க நன்றி. இப்போது தேன்மொழி சொன்னதும் கூடுதலாகப் புரிகிறது.

இன்னொன்று சேர்க்கிறேன். இது ஏதோ 19-ம் நூற்றாண்டில் முளைத்த பயம் இல்லை. 12-ம் நூற்றாண்டின் கடைசியில் அயர்லாந்துக்கு வந்த ஜிரால்டஸ் என்ற வேல்ஸ் பாதிரியார், கிழவிகள் முயலாக மாறி அயலார் மாடுகளின் மடியில் பால் குடிக்கிறார்கள் என்ற பேச்சை எழுதிவைத்திருக்கிறார். அதே முயல் 1938-ல் பள்ளிப் பிள்ளைகளின் நோட்டிலும் ஓடுகிறது. மே காலையில் மாட்டின் கீழே முயலைப் பார்ப்பார்கள், நாயை ஏவுவார்கள், நாய் காலைக் கவ்வும், முயல் தப்பித்து ஒரு குடிசைக்குள் நுழையும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு கிழவி காலில் ரத்தத்தோடு உட்கார்ந்திருப்பாள். ஊர் பெயரும் பண்ணையின் பெயரும் மாறும், கதை இதேதான்.

பெல்டேன் அன்று இரண்டு நெருப்புக்கு நடுவே மாடுகளை ஓட்டிப் போவது பற்றி கி.பி. 900 வாக்கில் தொகுத்த கார்மக் சொற்பொருள் நூலிலேயே குறிப்பு இருக்கிறது. நோய் அண்டாமலிருக்கச் செய்தது என்கிறது அந்தக் குறிப்பு. பிற்காலத்தில் ஜூன் 23 இரவு புனித யோவான் நெருப்புக்கு அந்த வழக்கம் இடம் மாறியது. அணைந்த கொள்ளியை எடுத்துப் போய் வயலில் போடுவார்கள்.

---

எழிலன் எழுதியது:

கூரை, வாடகை எல்லாம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் முயல் கதையில் கடைசியில் ரத்தம் வழிய உட்கார்ந்திருப்பது யார்? ஒவ்வொரு முறையும் தனியாக வாழும் ஏழைக் கிழவிதான். மாடு இல்லாதவள், பால் இரவல் கேட்டாகவேண்டியவள். ஊரில் யாருக்கு வெண்ணெய் நின்றாலும் விரல் நீளுவது அவள் பக்கம். நிறைய மாடு வைத்திருக்கும் பெரிய பண்ணைக்காரன் வெண்ணெய் திருடினான் என்று ஒரு கதை காட்டுங்கள்.

---

தேன்மொழி எழுதியது:

எழிலன், திடீரென்று வசதி வந்த பண்ணைவீட்டுப் பெண்களைப் பற்றியும் கதைகள் உண்டு. "அவர்கள் வீட்டில் மட்டும் எப்படி இவ்வளவு?" என்ற கேள்வி அங்கேயும் எழும். ஆனால் உங்கள் பேச்சு பெரும்பாலும் சரிதான். மாட்டிக்கொள்கிறவள் தனியாக இருப்பவள். கதையில் நாய் கவ்வுவதோடு நின்றால் பரவாயில்லை, வாழ்க்கையில் அவளுக்கு அந்த ஊரில் யார் நெருப்பு கொடுப்பார்கள், யார் பால் கொடுப்பார்கள் என்று யோசித்தால் கஷ்டமாக இருக்கிறது.

---

டாக்டர் நாச்சியார் எழுதியது:

கால்நடை மருத்துவர் நான். இந்த இழையில் பிஷோக் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லையே. அதுதான் என்னை உலுக்கியது.

தெற்கே மன்ஸ்டர் பகுதியில் பிஷோக் என்றால் வெறும் நம்பிக்கை இல்லை, செய்வினை. பக்கத்து நிலக்காரனின் வைக்கோல் போரிலோ உருளைக்கிழங்குப் பாத்தியிலோ முட்டைகளை ஒளித்து வைப்பார்கள். சிலர் இறைச்சித் துண்டு, சிலர் செத்த கன்று, மாட்டின் நஞ்சுக்கொடி. அது அழுக அழுக அவன் குடும்பத்தின் அதிர்ஷ்டமும் அழுகும் என்பது கணக்கு. கண்டெடுத்தவர் வெறுங்கையால் தொடமாட்டார். மண்வெட்டியால் அள்ளி எரிப்பார், புனிதநீர் தெளிப்பார், பாதிரியாரை அழைப்பார்.

முட்டையால் ஒரு கேடும் வராது. ஆனால் கன்று வீசிய, அதாவது குறைப்பிரசவமான, மாட்டின் நஞ்சுக்கொடியையும் செத்த கன்றையும் கொண்டுபோய் அடுத்தவர் மேய்ச்சலில் போட்டால்? புருசெல்லா கிருமி அதில்தான் கோடிக்கணக்கில் இருக்கும். குளிர்ந்த ஈரமான மண்ணில் வாரக்கணக்கில் சாகாது. அயர்லாந்தின் சீதோஷ்ணம் அதற்கு மிகவும் தோது. அங்கே மேயும் சினை மாடு முகர்ந்தாலோ நக்கினாலோ போதும், அதுவும் கன்று வீசும். "செய்வினை வைத்தார்கள், மாடுகள் வரிசையாகக் கன்று வீசின" என்று ஒரு விவசாயி சொன்னால் அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருப்பார். பாலிலும் கிருமி இறங்கும், மனிதருக்கும் விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும். அயர்லாந்து இந்த நோய் ஒழிந்த நாடு என்று அதிகாரப்பூர்வமாக அறிவிக்கப்பட்டது 2009-ல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அதுவரை எத்தனை தலைமுறை இதற்குப் பக்கத்து வீட்டுக்காரரைக் குற்றம் சொல்லியிருக்கும்!

எனக்கு இதில் இரக்கம்தான் மேலிடுகிறது. காரணம் தெரியாத நஷ்டத்தைவிட, காரணம் யார் என்று ஒரு முகம் தெரிந்த நஷ்டம் மனிதருக்குத் தாங்கக்கூடியதாக இருக்கிறது.

இன்னொரு வழக்கமும் கவனியுங்கள். மாடு திடீரென்று நிலைகுலைந்து விழுந்தால், கண்ணுக்குத் தெரியாதவர்கள் எய்த அம்பு பட்டுவிட்டது என்பார்கள். அம்பையும் காட்டுவார்கள்! உழும்போது கிடைத்த கற்கால மனிதர்களின் தீக்கல் அம்புமுனைகள் அவை. வைத்தியம் தெரிந்தவர் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை வைத்து மாட்டின் உடம்பை அளந்து பார்ப்பார். அந்தக் கல்லை நீரில் போட்டு மாட்டுக்குக் குடிக்கக் கொடுப்பார்.

---

பாற்பண்ணை சேகர் எழுதியது:

டாக்டரம்மா, நஞ்சுக்கொடி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. அப்படியே உறைந்துபோய்ப் படித்தேன்.

சீம்பால் பற்றி ஏதாவது உண்டா?

---

டாக்டர் நாச்சியார் எழுதியது:

உண்டு. கன்று ஈன்றதும் கறக்கும் முதல் பீச்சுகளைத் தரையில் விடுவார்கள், "நல்லவர்களுக்கு" என்று. தேவதைகளைப் பேர் சொல்லி அழைக்கமாட்டார்கள், நல்லவர்கள் என்றுதான் சொல்லுவார்கள். பிப்ரவரி 2-ல் தேவாலயத்தில் மந்திரித்த மெழுகுவத்தியைக் கொண்டு மடியில் இருக்கும் முடியை லேசாகப் பொசுக்குவதும் உண்டு. வாலில் சிவப்புத் துணி கட்டுவதும் உண்டு. பிப்ரவரி 1, புனித பிரிஜிட் நாளுக்கு முந்தின இரவு வெளியே ஒரு துணியைப் போட்டுவைப்பார்கள். பிரிஜிட் அதைத் தொட்டுவிட்டுப் போவாள். கன்று ஈனச் சிரமப்படும் மாட்டின் முதுகில் அந்தத் துணியைப் போடுவார்கள். தலைவலிக்கு மனிதருக்கும் அதே துணிதான். கோரையில் முடைந்த பிரிஜிட் சிலுவை இன்றும் நிறைய வீட்டு வாசலில் இருக்கும். 2023 முதல் அந்தத் திருநாளுக்கு அரசு விடுமுறையே உண்டு.

---

ஆடுதுறை பாலு எழுதியது:

மாட்டுச்சந்தை பற்றி யாரும் பேசாததால் நான் வருகிறேன். அயர்லாந்துச் சந்தைகளில் விற்றவர் வாங்கியவருக்குக் கொஞ்சம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். லக் பென்னி என்பார்கள். பேரம் படியவில்லை என்றால் தரகர் இரண்டு பேர் கையையும் பிடித்து இழுத்து ஒன்றாகச் சேர்த்து அறைவார். கையில் எச்சில் துப்பிக்கொண்டு அறைவதும் உண்டு. விலை படிந்தால் மாட்டின் பின்புறம் சேற்றால் ஒரு கோடு. அதன்பின் விலை மாறாது. ஆனால் லக் பென்னி எவ்வளவு என்று இன்னொரு பேரம் தொடங்கும்! கொடுக்காதவன் தன் அதிர்ஷ்டத்தைத் தானே வைத்துக்கொண்டான், மாட்டோடு அனுப்பவில்லை என்று அர்த்தம். அந்த மாடு வாங்கியவன் வீட்டில் தங்காது. தெருச்சந்தைகள் போய் ஏலக்கூடங்கள் வந்துவிட்ட பிறகும் இந்த வழக்கம் போகவில்லை.

மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கக்கூடாது என்பதும் அங்கே உண்டு. நம் ஊர்ச் சந்தையிலும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டுதானே மாட்டை ஒப்படைக்கிறோம். என் அப்பாவும் அப்படித்தான் செய்வார், படித்ததும் ஒரு நிமிஷம் அவரே வந்து நின்ற மாதிரி இருந்தது.

---

கிளேர் மல்லிகா எழுதியது:

பாலு அண்ணா, லக் பென்னி எனக்கு மிகவும் பிடித்த வழக்கம். வெண்ணெய் விஷயத்தில் அதிர்ஷ்டம் திருடு போகும் பொருள். இங்கே அதையே ஒருவர் மனமுவந்து கையில் வைத்துக் கொடுத்துவிடுகிறார். வாங்கியவனும் நன்றாக இருக்கட்டும் என்று விற்றவன் பணத்தில் காட்டவேண்டும். ஒரே ஊர், ஒரே மாடு, இரண்டு விதமான மனது.

வீட்டைப் பற்றிச் சொல்ல மறந்தேன். வீடு கட்ட இடம் பார்த்தால் நான்கு மூலைக்கும் கல் வைத்துவிட்டு இரவு விட்டுவிடுவார்கள். காலையில் கல் நகர்ந்திருந்தால் அது நல்லவர்கள் நடக்கும் பாதை, வேறு இடம் பார்க்கவேண்டும். வீட்டை மேற்குப் பக்கம் நீட்டிக் கட்டக்கூடாது. குடிபோகும்போது பழைய அடுப்பின் கனலைப் புது அடுப்புக்கு எடுத்துப் போவார்கள். ஆனால் சனிக்கிழமை குடிபோகமாட்டார்கள், போனால் நீண்ட நாள் தங்கமாட்டோம் என்று. டிசம்பர் 28 எந்தக் கிழமை வருகிறதோ, அந்தக் கிழமையில் வருடம் முழுக்கப் புது வேலை எதுவும் தொடங்காதவர்களும் இருந்தார்கள்.

இரவில் கால் கழுவிய நீரை வீட்டுக்குள் வைத்திருக்கக்கூடாது. வெளியே கொட்டும்போது "தண்ணீர் வருகிறது, ஒதுங்குங்கள்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் கொட்டுவார்கள். இருட்டில் நடந்து போகும் நல்லவர்கள்மேல் படக்கூடாதாம். எத்தனை மரியாதை பாருங்கள்! நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளில் சக்கரம் எதுவும் சுழலக்கூடாது. ராட்டை, ஆலை, வண்டி எல்லாம் நிற்கும். முந்தின இரவு சேவலோ வாத்தோ அறுத்து, ரத்தத்தை வாசற்படியிலும் வீட்டின் நான்கு மூலையிலும் தெளிப்பார்கள்.

---

எழிலன் எழுதியது:

அக்கா, நல்லவர்கள், மரியாதை என்று நீங்கள் எழுதும்போது ஒரு பெயரைச் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. பிரிஜிட் கிளியரி. டிப்பரரி மாவட்டம், பாலிவாட்லி, 1895 மார்ச். 26 வயது வாக்கில் இருந்த பெண். தையல் வேலை செய்வாள், கோழி வளர்த்து முட்டை விற்பாள், கையில் சொந்தக் காசு இருந்தது. உடம்பு முடியாமல் படுத்தபோது, இது என் மனைவி இல்லை, தேவதைகள் அவளை எடுத்துக்கொண்டு வேறொன்றை விட்டுவிட்டார்கள் என்று கணவன் மைக்கேல் சொன்னான். மூலிகைக் கஷாயத்தை வாயில் திணித்தார்கள். "நீ பிரிஜிட்தானா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். உறவினர்கள் சுற்றி நிற்க அவளை எரித்துக் கொன்றான். அப்புறம் பக்கத்துக் கோட்டைமேட்டில் போய்க் காத்திருந்தான், நிஜ மனைவி வெள்ளைக் குதிரையில் வருவாள் என்று.

கொலையல்லாத மரணம் விளைவித்த குற்றமாகத் தீர்ப்பாகி 20 வருட தண்டனை, 1910-ல் விடுதலை. இதையும் அதே நம்பிக்கையின் கணக்கில்தான் எழுதவேண்டும்.

---

தேன்மொழி எழுதியது:

எழுதத்தான் வேண்டும். நான் அந்த வழக்கைப் படித்தபோது இரண்டு நாள் வேறெதுவும் படிக்கமுடியவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். லட்சக்கணக்கான வீடுகளில் இதே கதைகளைச் சொல்லிக்கொண்டு வாழ்ந்தவர்கள் யாரையும் எரிக்கவில்லை. நோயாளிக்கு வைத்தியம் பார்த்தார்கள், கதையும் சொன்னார்கள். நம்பிக்கை அங்கே ஆயுதமாகக் கிடந்தது, எடுத்து வீசியவன் ஒரு கணவன். அந்த வீட்டில் அவளுடைய சொந்தக் காசும் பிள்ளை இல்லாததும் ஊர்ப்பேச்சாக இருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். தேவதைகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அவன் தப்பிவிடுவான்.

---

கார்க் கதிர் எழுதியது:

கோட்டைமேடு என்று எழிலன் எழுதியதால்: அவை தேவதைக் கோட்டை என்று மக்கள் சொல்லும் வட்ட மண்மேடுகள். உண்மையில் பெரும்பாலும் கி.பி. 500 முதல் 1000 வரையான காலத்துப் பண்ணைவீடுகளின் சுற்றுக்கரை. சுமார் 45,000 வரை பதிவாகியிருக்கின்றன. வயலுக்கு நடுவில் மரமும் முள்ளுமாகக் கிடக்கும் அந்த வட்டத்தை உழுதால் குடும்பத்தில் சாவு, மாட்டுக்கு நோய். அதனால் யாரும் ஏர் வைக்கவில்லை. தொல்லியல்காரர்களே மனமார நன்றி சொல்லும் பயம் இது. இயந்திரங்கள் வந்த பிறகு நிறைய மேடுகள் சமமாகிவிட்டன என்பதும் உண்மை.

தனியாக நிற்கும் ஹாதார்ன் முள்மரத்துக்கும் இதே காவல். மல்லிகா அக்காவின் மாவட்டத்திலேயே நடந்ததை அவரே சொல்லட்டும்.

---

கிளேர் மல்லிகா எழுதியது:

எங்கள் கிளேர் மாவட்டத்து லாட்டூன் மரம்! 1999-ல் நெடுஞ்சாலைக்காக அதை வெட்டப்போகிறார்கள் என்றதும் எடி லெனிஹன் என்ற கதைசொல்லி பத்திரிகைக்கு எழுதினார். தெற்கே மன்ஸ்டர் தேவதைகள் மேற்கே கானக்ட் பகுதித் தேவதைகளோடு சண்டைக்குப் போகும்போது கூடும் இடம் அது, வெட்டினால் அந்தச் சாலையில் சாவு விழும் என்றார். வெளிநாட்டுப் பத்திரிகைகள்வரை செய்தி போனது. கடைசியில் மரத்தை விட்டுவிட்டுச் சாலை போட்டார்கள். 2002-ல் யாரோ இரவோடு இரவாக இயந்திர ரம்பத்தால் கிளைகளையெல்லாம் அறுத்துப்போட்டார்கள். மறுபடி துளிர்த்துவிட்டது. சாலையோரம் வேலிக்குள் நிற்கிறது. பெரிய மரமெல்லாம் இல்லை, தெரியாதவர்கள் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள்.

எழிலனுக்கு: நீங்கள் அந்தப் பெயரைச் சொன்னது நல்லது. சொல்லாமல் இந்த இழை முழுமையாகாது.

---

பாற்பண்ணை சேகர் எழுதியது:

இந்த வெண்ணெய்ப் பயம் எப்போது போனது? யாராவது சொன்னால் நன்றாக இருக்கும். எனக்குத் தெரிந்து 1880-களுக்குப் பிறகு அங்கே பாலாடை பிரிக்கும் இயந்திரம் வைத்த பாலகங்கள் வந்தன. லிமரிக் மாவட்டத்து டிரம்காலகரில் 1889-ல் முதல் கூட்டுறவுப் பாலகம்.

---

கார்க் கதிர் எழுதியது:

அதுதான் காரணம் சார். பால் காலையிலேயே வண்டியில் பாலகத்துக்குப் போக ஆரம்பித்ததும் வீட்டில் கடைவதே குறைந்தது. கடையாத வீட்டில் எதைத் திருட? ஆனால் அதோடு பெண்களின் கைக்காசும் போனது. பாலைக் கொண்டுபோனவர்கள் பெரும்பாலும் ஆண்கள், பணமும் அவர்கள் கைக்கே வந்தது. கோழியும் முட்டையும்தான் பெண்களுக்கு மிச்சம். பாலகம் எட்டாத மேற்கு மலைப்பகுதிகளில் கடைவதும் தொடர்ந்தது, பயமும் தொடர்ந்தது. 1938-ல் பிள்ளைகள் அவ்வளவு விவரமாக எழுதமுடிந்தது அதனால்தான்.

---

ஆடுதுறை பாலு எழுதியது:

மல்லிகா, டூகஸில் எப்படித் தேடுவது? எனக்கு ஆங்கிலக் கையெழுத்து படிக்கக் கஷ்டம்.

---

கிளேர் மல்லிகா எழுதியது:

அண்ணா, முதலில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் பள்ளி. தலைப்பு வாரியாகவும் போகலாம், கடைதல், மே நாள், வீட்டு விலங்குகள் என்று தனித்தனியாக இருக்கும். நிறையப் பக்கங்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள், அதனால் கையெழுத்து பிரச்சினை இல்லை. சில பக்கங்கள் ஐரிஷ் மொழியில் இருக்கும், அதைத் தாண்டிப் போய்விடுங்கள். வீட்டு விலங்குகள் தலைப்பிலிருந்து தொடங்குங்கள். மாடுகளின் பெயர்கள், கறக்கும்போது சொல்லும் பிரார்த்தனை, கன்றைக் கூப்பிடும் குரல்வரை பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். உங்களுக்குப் பிடிக்கும்.